சதுரகிரி ஏறப் போகிறீர்களா? உடம்பைத் தயார் செய்யச் சில குறிப்புகள்

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறி இறங்கிய பிறகு தொண்டை கட்டி, மூக்கொழுகிப் படுப்பவர்கள் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உண்டு. வருஷம் முழுக்க உட்கார்ந்தே இருந்த உடம்பை ஒரே நாளில் மலையேற்றினால் அது தடுமாறத்தான் செய்யும்.

1. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடையில் வேகம் கூடும்போது, மண்ணீரலிலும் ரத்தக்குழாய் ஓரங்களிலும் தங்கியிருக்கும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் ரத்தத்தில் இறங்கிச் சுற்றிவருகின்றன. நாள்தோறும் நடந்தால் இந்தக் காவல் நாள்தோறும் நடக்கும். அமெரிக்காவில் சுமார் ஆயிரம் பேரை 12 வாரம் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்கள் சளித் தொல்லையில் கழித்த நாட்கள், பயிற்சி இல்லாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு.

2. அளவு தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமை.

3. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கடுமையாக உழைத்தால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். எச்சிலில் கிருமியைத் தடுக்கும் புரதமும் சிறிது நேரம் குறையலாம். 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரம் சளி, காய்ச்சலில் விழுந்தார்கள். ஓடத் தயாராகியும் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். ஓட்டத்தைவிடக் கூட்டம், பயணம், தூக்கமின்மைதான் காரணம் என்று இப்போது சில விஞ்ஞானிகள் வாதிடுகிறார்கள். எது சரியானாலும் நமக்கு எச்சரிக்கை ஒன்றே. பஸ் நெரிசல், கண்விழித்த இரவு, மணிக்கணக்கில் ஏற்றம் எல்லாம் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையில் ஒன்றாகத்தான் வந்து சேருகின்றன.

4. ஆகவே ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் சமதரையில் அரை மணி நேரம். பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் கூட்டுங்கள். கடைசி மூன்று வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோவில் படிகளில் ஏறி இறங்கிப் பழகலாம். மலையேறும் நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் லேசான நடையோடு நிறுத்துங்கள்.

5. வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். நீண்ட உழைப்பின் நடுவே மாவுச்சத்தும் இனிப்பும் உள்ளே போனால் கார்டிசால் அவ்வளவு ஏறாது. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் இருக்கட்டும். அவ்வப்போது கொஞ்சம் சாப்பிடுங்கள். ஒரே பாட்டிலை நாலு பேர் குடிக்க நேர்ந்தால் அண்ணாந்து குடியுங்கள். (சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.)

6. மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேராக ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, முதலில் தூங்குங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று 2015-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தூங்கி எழுந்து, சாப்பாடு செரித்த பிறகு செய்யும் பயிற்சிதான் உடம்பில் ஒட்டும். ஷிப்ட் முழுக்க மெஷின் ஓரம் நடப்பவர்களுக்கு நடை ஏற்கெனவே ஆகிவிட்டது; அதோடு வாரம் இரண்டு நாள் தண்டால், தோப்புக்கரணம் செய்தால் நல்லது.

7. மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் பயிற்சியே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு. இளைஞர்களும் இதற்கு விலக்கல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் நிலைமை மோசமாகலாம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, தெருவுக்குள் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.