ஐலெட்டா, பிராடா, பசையா?

ஷூவில் லேஸ் கோக்கும் ஓட்டையைச் சுற்றிச் சிறிய உலோக வளையம் ஒன்றை இறுக்கியிருப்பார்கள். ஃபிளெக்ஸ் பேனரின் மூலைகளிலும் அதே வளையம்தான், கொஞ்சம் பெரிதாக. ஐலெட் எனப்படும் அந்த வளையம் பொடி அளவில், வண்ணம் பூசி, கைவினைப் பொருள் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஸ்கிராப்புக் ஆல்பமும் வாழ்த்து அட்டையும் செய்கிறவர்கள் பார்த்தவுடன் வாங்கிவிடுவார்கள். எங்கே அடிப்பது என்ற யோசனை பிறகுதான் வரும். அதை முதலில் யோசித்துவிட்டால் காகிதமும் காசும் மிஞ்சும்.

கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: அந்த இடத்தில் ஏதாவது இழுபடப் போகிறதா? ரிப்பனோ நூலோ புக் ரிங்கோ ஓட்டை வழியாகப் போகுமென்றால் ஐலெட்டுக்கு நிகரில்லை. வெறும் ஓட்டையின் விளிம்பு நாளாக ஆகக் கிழியும். ஐலெட் அடித்துவிட்டால் இழுப்பை உலோகம் தாங்கிக்கொள்ளும். பரிசுப் பொட்டலத்தில் கட்டும் டேக், வளையம் போட்டுப் புரட்டும் குட்டி ஆல்பம், நாடா கட்டி மூடும் உறை எல்லாம் ஐலெட்டுக்கு உரிய இடங்கள்.

தாளோடு தாளைச் சேர்ப்பது மட்டும்தான் வேலை என்றால் பசையோ இருபக்க டேப்போ போதும். டிரேசிங் பேப்பர் மாதிரித் தாள் மட்டும் விதிவிலக்கு. அதன் பின்னால் எதைத் தடவினாலும் முன்னால் தெரியும். பெயரோ வாழ்த்தோ அச்சிட்ட அப்படிப்பட்ட தாளை நான்கு மூலையிலும் ஐலெட் அடித்துப் பொருத்தினால் கறையில்லாமல் நிற்கும்.

பிராட் வேறு ரகம். மேலே பொத்தான் மாதிரித் தலை, கீழே இரண்டு கால். ஊசியால் துளைபோட்டு, கால்களை நுழைத்துப் பின்னால் விரித்துவிட்டால் முடிந்தது. ஐலெட்டின் பின்பக்கத்தை விரிக்கும் செட்டர் என்ற கருவி, சுத்தியல் எதுவும் வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். சுழலும் சக்கரம், கையை ஆட்டும் காகித பொம்மை ஆகியவற்றுக்கு அதுவே சரி. இறுக்காமல் விட்டால் அதைச் சுற்றித் தாள் தாராளமாகத் திரும்பும். ஆனால் நூல் கோக்க வழியில்லை, விரித்த கால்களும் பின்பக்கம் துருத்தும். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்வதானால் பிராடிலிருந்து தொடங்குங்கள். ஃபைல் தாளின் ஓட்டை கிழியாமல் இருக்கத்தான் என்றால் ஒட்டுகிற வளைய ஸ்டிக்கரே போதும்.

ஐலெட்தான் என்று முடிவானால் அடுத்தது அளவு. கைவேலையில் பெரும்பாலும் புழங்குபவை இரண்டு: 1/8 அங்குலம் (சுமார் 3 மி.மீ.), 3/16 அங்குலம் (சுமார் 5 மி.மீ.). முன்னதில் மெல்லிய நூல் போகும். பின்னதில் ரிப்பனும் சணல் கயிறும் போகும். ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை சுமார் 6 மி.மீ. அதில் இரண்டுமே ஆடும். ஐலெட் அளவுக்கே பஞ்ச் வாங்குங்கள்.

இதைவிட முக்கியம் குழாயின் நீளம். ஐலெட்டைத் திருப்பிப் பாருங்கள்: மேலே விளிம்பு, அதற்குக் கீழே சிறு குழாய். ஓட்டையில் நுழைத்தபின் குழாய் பின்பக்கம் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டம்தான் அடிபட்டு விரிந்து தாளைப் பிடிக்கிறது. குறைந்தால் பிடி இருக்காது. கூடினால் குழாய் கோணிக்கொள்ளும். கெட்டி அட்டைக்கு நீளக் குழாய் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய தாளானால் பின்னால் ஒரு துண்டு அட்டை கொடுத்து அடியுங்கள். சரியாக அமர்ந்த ஐலெட்டின் பின்பக்கம் ஒரே சீராக உருண்டிருக்கும், அல்லது இதழ் இதழாகப் பிளந்து தாளோடு படிந்திருக்கும். விரலால் தடவினால் கீறக்கூடாது.

உலோகத்தில் அலுமினியம் மென்மையானது. லேசான அடிக்கே விரியும், துருவும் பிடிக்காது. பித்தளை உறுதி, அடிக்கடி புரட்டும் ஆல்பத்துக்கு ஏற்றது, நாளாவட்டத்தில் மங்கும். முலாம் பூசிய இரும்பு வேண்டாம் என்பேன். விரியும் இடத்தில் முலாம் வெடித்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அங்கேதான் துரு தொடங்கித் தாளில் கறையாக இறங்கும். கடையிலேயே சிறு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். சட்டென்று ஒட்டிக்கொண்டால் இரும்பு.

அடிப்பதற்குச் சுத்தியலும் செட்டரும் மலிவான வழி. தாளின் எந்த இடத்திலும் அடிக்கலாம். ஓங்கி ஒரே அடி அடிக்காமல், கெட்டியான தரையில் தடித்த மேட் போட்டு, செட்டரை நேராகப் பிடித்துப் பலமுறை மெல்லத் தட்டுங்கள். அடுக்குமாடியில் இரவு வேலைக்கு இது ஆகாது. கிராப்-அ-டைல் போன்ற குறடு ஓட்டையும் போடும், ஐலெட்டையும் சத்தமில்லாமல் அமுக்கும். ஆனால் சாதாரணக் குறடு தாளின் ஓரத்துக்குத்தான் எட்டும். 12 அங்குலப் பக்கத்தின் நடுப்பகுதிக்கு 6 அங்குலம் உள்ளே போகும் பெரிய ரகம் வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பழைய புகைப்படத்தில் நேரடியாக ஓட்டை போடாதீர்கள். படத்தை ஒரு அட்டையில் மூலைக் கவ்விகளால் பொருத்தி, அந்த அட்டையின் ஓரத்தில் ஐலெட் அடியுங்கள். ஆல்பத்தை மூடும்போது ஐலெட் எதிர்ப்பக்கப் படத்தில் உரசுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு 3/16 அங்குல அலுமினிய ஐலெட் ஒரு பாக்கெட், அதே அளவில் பஞ்ச், செட்டர், இவை போதும். குறடு மாதத்துக்கு ஓர் ஆல்பமாவது செய்கிறவர்கள் வாங்க வேண்டிய பொருள்.