இசைத்தட்டுப் பொறியை வைக்கும் இடம்

இல்லத்திலிருந்து இசை கேட்க விழைவோர் கருவிகளின் விலையையும் ஆற்றலையும் ஆராய்வர். அவற்றை வைக்கும் இடத்தை ஆராய்வோர் சிலரே. ஒரே மேசையின் நடுவே இசைத்தட்டுப் பொறியையும், அதன் இருமருங்கும் ஒலிபெருக்கிகளையும் அடுக்கிவிடுவர். கண்ணுக்கு அது நன்று, செவிக்கு நன்றன்று.

பழைய கிராமபோனில் ஊசியும் குழலும் ஒரே பெட்டியில் இருந்தனவே, அதனால் யாது கேடு விளைந்தது எனின், தக்க வினாவே. அப்பொறியில் மின்விசையால் ஒலியைப் பெருக்கும் உறுப்பில்லை. ஊசியின் அதிர்வு மெல்லிய தகட்டை அசைத்துக் குழல்வழி வெளிப்பட்டதோடு அமைந்தது. மின்பெருக்கி இடையே புகுந்தபின் நிலைமை வேறாயிற்று. ஒலிபெருக்கியின் அதிர்வு மேசைப்பலகை வழியே ஊசியை அடைகின்றது. ஊசி அதனையும் பாட்டென்றே கொண்டு மின்பெருக்கிக்கு அனுப்புகின்றது. அது முன்னினும் மிக்கு வெளிவந்து மீண்டும் ஊசியைத் தாக்குகின்றது. இச்சுழலால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவிழந்து குமுறும். ஒலியை மேலும் உயர்த்தின், பொறி ஊளையிடும். திருமணப் பந்தலில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே கொணர்ந்தவுடன் எழும் கூச்சலும் இவ்வினத்ததே.

1938-ஆம் ஆண்டு ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற காலத்து வானொலிப் பெட்டிகளிலும் இத்தொல்லை உண்டு. ஒலிபெருக்கியும் வால்வுகளும் ஒரே கூட்டினுள் இருந்தமையின், சில பெட்டிகளில் உட்சட்டத்தை ரப்பர் வில்லைகளின்மேல் பொருத்தினர்.

மந்தைவெளியில் யான் அறிந்த முதியவர் ஒருவர், நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் தட்டுகளைப் பல்லாண்டு தொகுத்து வைத்திருப்பவர். தட்டுகள் தேய்ந்தன என்றெண்ணி அவற்றைப் பழைய சாமான் கடைக்குக் கொடுக்கவும் துணிந்துவிட்டார். நோய் தட்டில் இல்லை, மேசையில் இருந்தது. அவ்வீட்டுச் சுவரில் பதித்த கடப்பைக் கல் தட்டொன்று வெற்றுப் பாத்திரங்களைச் சுமந்திருந்தது. பொறியை அதன்மேல் ஏற்றி, ஒலிபெருக்கிகளைத் தனித்தனி முக்காலிகளில் தரைமேல் நிறுத்தியதும் குமுறல் பெரிதும் அடங்கிற்று. கனத்த கல் எளிதில் அதிராது. சுவரோ மேசையோடு தொடர்பற்றது.

நிற்க. ஒலிபெருக்கிகளுக்கு முன்னே அலமாரி முதலியன நிற்றலும் தகாது. தாழ்ந்த ஒலி தடையை வளைந்து கடக்கும்; உயர்ந்த ஒலி தடையால் மறைப்புண்ணும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கிற்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் வகுத்த இளங்கோவடிகள், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்தமையையும் மறவாது கூறினார். ஒளிக்கு நிழலுண்டாதல் போல ஒலிக்கும் உண்டு. அதனை நம்மவர் ஏனோ எண்ணுவதில்லை!

பத்தடி அகலமுள்ள அறையாயின், ஒலிபெருக்கிகளை ஆறடி இடைவிட்டு நிறுத்தி, கேட்போர் அவற்றிலிருந்து ஏறத்தாழ அவ்வளவே தள்ளி அமர்க. மூலையில் ஒட்டி வைப்பின் தாழ்ந்த ஒலி அளவிறந்து பெருகும். பொதுச்சுவருடைய வீடுகளில் அண்டை வீட்டாரின் உறக்கமும் போம். மின்பெருக்கி வெப்பம் விடுவதாகலின் அதன்மேல் எதனையும் வையற்க. பொறியினின்று அதற்குச் செல்லும் கம்பி குறுகியதாய், மின்சாரக் கம்பிக்கு விலகியிருத்தல் வேண்டும். இன்றேல் ஓயாத ரீங்காரம் கேட்கும். கடற்காற்று வீசும் இப்பகுதியில் கம்பிமுனைகளில் களிம்பேறுவதால், அவற்றை அவ்வப்போது துடைத்தலும் நன்று.

இடம் தக்கதோ என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சுழலாத தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஒலியைச் சிறிது உயர்த்தி, மேசையை விரலால் மெல்லத் தட்டுக. ஒலிபெருக்கியில் பறை முழங்குவது போலக் கேட்பின், பொறிக்கு வேறிடம் தேடுக.