கரிசல் நிலத்தில் களத்துத் தளமும் மண்தாங்குச் சுவரும்

கரிசல் நிலத்தில் களம் அமைக்க விரும்பும் பட்டாதாரர்கள், கான்கிரீட் எத்தனை அங்குலம் இட வேண்டும், ஸிமெண்டு எத்தனை மூட்டை வேண்டும் என்றே முதலில் வினவுகின்றனர். தளத்தின் கீழுள்ள மண் யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் இந்நிலத்தில் களம் வெடிப்பதற்கும் சுவர் சாய்வதற்கும் பெரும்பாலும் காரணம் ஸிமெண்டின் குறைவன்று. தளத்தின் கீழும் சுவரின் பின்னும் உள்ள மண்ணும் ஜலமுமேயாம்.

இதனை யான் பிறர் அடைந்த நஷ்டத்தினாலேயே கற்றேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குடியானவர் ஒருவர் பங்குனி மாதத்தில் ஓடைக்கரைச் சரிவை நிரவிக் களம் கட்டினார். தாழ்ந்த பக்கத்தில் 6 அடி உயரக் கற்சுவரும் எழுப்பினார். கலவையையும் தளத்தின் கனத்தையும் யான் நேரில் பார்த்து நன்றென்றேன். குழி தோண்டி மண்ணைப் பார்க்கச் சொன்னேனில்லை. ஐப்பசி மழையில் தளத்தின் ஓரங்கள் மேலெழுந்து வெடித்தன. கார்த்திகையில் ஓரிரவு சுவரும் சரிந்து, அதன் கீழே கட்டியிருந்த கறவைப் பசு மாண்டது. தை மாதத்தில் அவர் தம் சோளக்கதிர்களைப் பாதையில் பரப்பி அடிக்கக் கண்டேன். அவர் என்னை ஒரு சொல்லும் கூறவில்லை. எனினும் குறை என்னுடையதே.

மண்ணைச் சோதித்தல்

கரிசல் மண் நனைந்தால் வீங்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீங்குந் தன்மையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. 3 அடி ஆழத்து மண்ணை உலர்த்திப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, அளவுக்கோடிட்ட இரு கண்ணாடிக் குழாய்களில் சம அளவாக இடுக. ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் ஜலமும் நிறைய ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வைக்க. மண்ணெண்ணெயில் மண் வீங்காது. அதில் மண் 10-ஆம் கோட்டிலும், ஜலத்தில் 18-ஆம் கோட்டிலும் நிற்குமாயின், வீக்கம் 100-க்கு 80 ஆகும். 50-க்கு மேற்பட்ட மண்ணின்மீது நேராகத் தளம் இடலாகாது.

தளத்தைத் தடிப்பாக்கினால் போதாதோ எனச் சிலர் கேட்பர். 4 அங்குலத் தளம் சதுர அடிக்குச் சுமார் 50 ராத்தல் எடையுள்ளது. 8 அங்குலமாக்கினால் 100 ராத்தல். கடுங்கரிசல் வீங்கும்போது மேல்நோக்கித் தள்ளும் விசையோ சதுர அடிக்கு 2,000 ராத்தலுக்கும் மேற்படக் கூடும். ஆதலின் தளத்தின் கனத்தால் இம்மண்ணை அடக்க இயலாது.

தளம் அமைக்கும் முறை

1. கரிசலை 3 அடி ஆழம் வெட்டி அகற்றுக. களத்தின் ஓரத்திற்கு வெளியேயும் 3 அடி அகலம் வெட்டுதல் நன்று.

2. அக்குழியில் பசையுள்ளதும் வீங்காததுமான செம்மண் சரளையை நிரப்புக. இத்தகைய மண்ணடுக்கின் பயனைப் பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். கே. கட்டி 1970-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து காட்டினார். வெறும் ஆற்றுமணலை நிரப்புதல் தவறு. அது மழைநீரைத் தொட்டிபோல் தேக்கிக் கீழ்க்கரிசலுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

3. சரளையை 6 அங்குல அடுக்குகளாகப் பரப்பித் திமிசு போட்டு இறுக்குக. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையலாகாது. அதுவே தக்க ஈரம்.

4. இதன்மேல் 1:2:4 கலவையில் 4 அங்குலத் தளம் இட்டு, 10 அடிக்கு ஓர் இணைப்புக்கோடு விடுக. 60 அடிக்கு 1 அடி வீதம் வாட்டம் வேண்டும். பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள் நீர் நிறுத்துக.

5. ஓரத்தில் நீர் தேங்காவண்ணம் வடிகால் அமைக்க. வேம்பு, புளி முதலிய மரங்களைக் களத்தின் அருகில் வைக்கலாகாது. அவற்றின் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும்.

சுவரின் கணக்கு

மண் சுவரைத் தள்ளும் விசையைக் கணிக்கும் முறையை ராங்கின் என்னும் பொறியியலறிஞர் 1857-இல் வகுத்தார். கன அடிக்கு 100 ராத்தல் எடையுள்ள உலர்ந்த சரளை, 6 அடிச் சுவரை அதன் ஒவ்வோர் அடி நீளத்திற்கும் 600 ராத்தல் விசையுடன் தள்ளும். உயரம் 3 அடியானால் 150 ராத்தலே. உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறவற்க.

மேலே 1½ அடியும் அடியில் 3½ அடியும் அகலமுள்ள 6 அடிக் கற்சுவர், அடி நீளத்திற்கு 2,250 ராத்தல் எடையுள்ளது. நல்ல சரளை அஸ்திவாரத்தில் வழுக்காது நிற்க அதற்குள்ள பிடிப்பு எடையில் பாதி, அதாவது 1,125 ராத்தல். 600-ஐ 1,125 எளிதில் தாங்கும்.

இனி, பின்புறம் ஜலம் உச்சிவரை தேங்கிற்று எனக் கொள்வோம். ஜலத்தின் விசை மட்டுமே 1,125 ராத்தல், அதனுள் அமிழ்ந்த மண்ணின் விசை 360 ராத்தல், ஆக 1,485. சுவர் நகரும். பகலில் நின்ற சுவர் மழையிரவில் விழுவதன் இரகசியம் இதுவே. பின்னால் கரிசலையே நிரப்பியிருந்தால் வீக்கத்தின் விசையும் இதனோடு சேரும்.

ஆகையால் சுவரின் பின்னே கரிசல் இடாது ஜல்லியும் சரளையும் இடுக. அடிமட்டத்திற்குச் சற்று மேலே தொடங்கி, 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்களை வெளிவாட்டமாகப் பதித்து, அவற்றின் உள்வாயில் ஜல்லி குவிக்க. ஆண்டுதோறும் புரட்டாசியில் அவற்றைக் குத்தித் துப்புரவு செய்க. 6 அடிக்கு மேற்பட்ட சுவரைப் பொறியியலாளரின் கணக்கின்றி எழுப்பற்க.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பொதுக்களம் கட்டும்போது, மேலே பூசிய தளத்தை அளப்பதோடு நில்லாமல், குழி மூடப்படுமுன் அதன் ஆழத்தையும் நிரப்பிய மண்ணையும் நேரில் பார்த்தல் வேண்டும். மூடியபின் எவராலும் அறிய இயலாது.

இம்முறைக்குச் செலவு மிகுதிதான். 3 அடி வெட்டி நிரப்ப வசதியில்லாதவர் களத்தைச் சிறிதாக்குக. அன்றிச் செம்மண் மேடு ஒன்றைத் தேடுக. சுவரினடியில் மாடு கட்டுவதை எவ்வகையினும் தவிர்க்க.