இரண்டாம் சீசன் எந்தக் கணுவில் காய்க்கும்?

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

'சுழல்' இரண்டாவது சீசனைப் பார்த்து முடித்த கையோடு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "மலையை விட்டுக் கடற்கரைக்குப் போனாங்க, கதையும் போச்சு அத்தை. நல்ல சீரிஸ் எல்லாத்துக்கும் ரெண்டாவது சீசன்ல இதே கதிதான்" என்கிறாய். கல்லூரி இதழுக்கும் இதையே எழுதித் தரப்போகிறாயாம். அதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடு. உன் ஏமாற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பழியைத் தூக்கிக் கடல்மேல் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதல் சீசனின் சாம்பலூர் உன்னை ஏன் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். கற்பனை ஊர்தான். ஆனாலும் பனி, மலைச்சாலை, ஊருக்கே சோறு போடும் ஒரு சிமென்ட் ஆலை, போதாததற்கு அங்காளம்மனின் மயானக் கொள்ளை. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி வளர்ந்தவளுக்கு, மாசி மாதம் சேலத்தில் மயானக் கொள்ளையைப் பார்த்துப் பயந்தவளுக்கு, அது சொந்த ஊர் மாதிரி தெரிந்ததில் வியப்பில்லை. புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி 2022 ஜூனில் வந்த அந்த எட்டுப் பகுதிகளும் அவ்வளவு கச்சிதம். ஆலையில் தீ. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலாவைக் காணோம். அவரோடு மோதிக்கொண்டிருக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவே அவளைத் தேட வேண்டிய நிலை. பார்த்திபனும் ஸ்ரேயா ரெட்டியும் ஒரே சட்டகத்தில் நின்றாலே நமக்கு மூச்சு முட்டியது. திருவிழா நாள் நாளாக நகர, கதையும் கூடவே நகர்ந்தது.

2025 பிப்ரவரி கடைசியில் வந்த இரண்டாவது சீசனில் ஊர் காளிபட்டினம், விழா அஷ்டகாளி. நிலாவின் அக்கா நந்தினிக்காக வாதாடும் வழக்கறிஞர் செல்லப்பா (லால்) கொலையுண்டு கிடக்கிறார். எட்டுப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக "நான்தான் கொன்றேன்" என்கிறார்கள். எட்டுக் காளிகள், எட்டுப் பெண்கள், எட்டுப் பகுதிகள். தொடக்கம் என்று பார்த்தால் முதல் சீசனைவிட இதுவே துணிச்சலானது என்பேன். பிறகு எங்கே தளர்ந்தது? ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒருவரைச் சந்தேகிக்க வைத்து, அடுத்த பகுதியில் அவரை விடுவித்துவிட்டு, வேறொருவர் பக்கம் விரலை நீட்டும் அந்த உத்தி இங்கும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. 2022இல் அது நம்மை ஏமாற்றியது. மூன்று வருடம் கழித்து நாம் முந்திக்கொள்கிறோம். "இவன் இல்லை, இன்னும் நாலு பகுதி மிச்சம் இருக்கு" என்று கடிகாரத்தைப் பார்த்தே குற்றவாளிப் பட்டியலைச் சுருக்கிவிடுகிறோம். ஊரை மாற்றினார்கள், சாமியை மாற்றினார்கள், கதை சொல்லும் முறையை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேதாளம் முருங்கை மரம் ஏறியது அங்கேதான். 'விக்ரம் வேதா' எடுத்தவர்களிடம் வேதாளத்தைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

நம் காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்யும்போது நின்று பார்த்திருக்கிறாய். இந்த வருடம் பழம் கொடுத்த கணுவில் அடுத்த வருடம் காய்க்காது. அதைத் தாண்டி நீண்டிருக்கும் புதுத் துளிரில்தான் மறு வருடம் பூ வரும். ஒரு வருடம் கிளை ஒடியக் காய்த்த செடி, புதுத் துளிர் விடத் தெம்பில்லாமல் மறு வருடம் படுத்துவிடுவதும் உண்டு. தொடர்களும் பெரும்பாலும் இப்படித்தான். முதல் சீசனில் எதைப் பார்த்து ஊரே கைதட்டியதோ அதே இடத்தில் மறுபடி காய்க்க வைக்கப் பார்ப்பார்கள்.

சுழலில் புதுத் துளிர் இல்லாமல் போகவில்லை. நந்தினிதான் அது. முதல் சீசன் முடிந்தபோது நிலாவின் மர்மம் தீர்ந்துவிட்டது, ஆனால் நந்தினி ஓர் உயிரை எடுத்துவிட்டு நிற்கிறாள். அவள் பட்டதை அறிந்த நாம் அவள் பக்கம் நிற்கிறோம், சட்டம் நிற்குமா? தீராமல் கிடந்த அந்தக் கணக்கிலிருந்து இரண்டாவது சீசன் கிளம்பியது முறைதான். சிறைக்குள் ஐஸ்வர்யா ராஜேஷ் வரும் காட்சிகளில் எனக்குக் கண் திரையை விட்டு அகலவில்லை. வெளியே கதிர் நடிக்கும் எஸ்.ஐ. சக்கரை துப்புத் துலக்கப் போகும்போதெல்லாம் பழைய தடம் தெரிந்தது. ரெஜினாவும் சண்முகமும் விட்டுப்போன இடத்தை நிரப்பும் அளவுக்கு அவனுக்கு எதிரே யாரும் நிற்கவில்லை என்பது இன்னொரு குறை.

இடம் மாறினால் தொடர் கெடும் என்பதற்குச் சான்று எங்கும் இல்லை. 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொடர் முதல் சீசனில் பால்டிமோரின் போதைமருந்து விற்கும் தெருமுனைகளில் நடந்தது. 2003இல் வந்த இரண்டாவது சீசன் திடீரென்று துறைமுகத் தொழிலாளர்களிடம் போனது. பிறகு நகராட்சி அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் அலுவலகம் என்று சீசனுக்கொரு பக்கம் திறந்து, 2008இல் முடிந்தபோது ஒரு நகரமே முழுதாகத் தெரிந்தது. நம் நாட்டில் 'பாதாள் லோக்' இருக்கிறது. 2020இல் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் வந்த இரண்டாவது சீசன் நாகாலாந்துக்குப் போய்விட்டது. உன்னைப் போன்றவர்கள் புலம்பவில்லையே, ஏன்? முதல் சீசனில் இன்ஸ்பெக்டர் ஹாத்திராமின் கீழே வேலை பார்த்த இளைஞன் அன்சாரி இப்போது ஐ.பி.எஸ். அதிகாரி, ஹாத்திராமுக்கே மேலே. அந்த மனிதர் வளர்த்த பையனுக்கு அவரே சல்யூட் அடிக்க வேண்டும். மர்மம் என்னவாக இருந்தாலும் போகட்டும், அந்த இரண்டு பேர் ஒரு ஜீப்பில் உட்கார்ந்து போனாலே பார்க்கலாம். முதல் சீசன் முடியாமல் பிறந்திருக்க முடியாத உறவு அது.

இடமும் பெயரும் அப்படியே இருந்து ஆள் போய்விட்டால் என்ன ஆகும் என்று உன் அம்மாவைக் கேள். 1999இல் தொடங்கிய 'சித்தி'க்காக வீட்டு வேலையை முன்கூட்டியே முடித்த தலைமுறை அவள். 2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தது, வேறு கதையோடு. அடுத்த வருடமே சித்தியாக நடித்த ராதிகா விலகினார். சித்தி போன பிறகும் 'சித்தி 2' தொடர்ந்து ஓடியது!

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கதையை முழுசாக மாற்றுவது ஒன்றும் தப்பில்லை, அதை முன்பே சொல்லிவிட்டால். நீ சேலத்திலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியே ஒரு பழைய வளைவைப் பார்ப்பாயே, மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல், அங்கிருந்துதான் 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்' வந்தது, 1966இல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' இரண்டும் வந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனித்தனிக் கதைகள். போன வல்லவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் 'மர்ம தேசம்' இதையே சின்னத்திரையில் செய்தது. சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள். 'ரகசியம்' முடிந்ததும் 'விடாது கருப்பு', பிறகு வேறொன்று. முந்தைய கதையின் சுமை அடுத்ததன் தலையில் ஏறவில்லை. அப்படி ஏறாமல் இருந்தும் எதிர்பார்ப்பு விடாது என்பதற்கு 'ட்ரூ டிடெக்டிவ்' என்ற அமெரிக்கத் தொடர் சாட்சி. 2014 ஜனவரியில் வந்த முதல் சீசனின் எட்டுப் பகுதிகளையும் ஒரே இயக்குநர் இயக்கினார். அடுத்தது முழுக்கப் புதுக் கதை, பல இயக்குநர்கள், 2015 ஜூனிலேயே திரைக்கு வந்துவிட்டது. முதல் கதையை எழுதுகிறவன் வருடக்கணக்கில் மனசில் ஊறப்போடுகிறான். வெற்றி பெற்ற பிறகு அவனுக்குக் கிடைப்பது ஒரு தேதி.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பிரான்சிஸ் கால்டன் 1886இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குள்ளமாக, பொதுச் சராசரியை நோக்கித் திரும்புவதைக் காட்டினார். புகழ்பெற்ற முதல் சீசன் என்பது எழுத்து, நடிப்பு, நேரம், கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் ஒரே வேளையில் கூடி வந்த ஒன்று. கூடி வராத தொடர்களுக்கு இரண்டாவது சீசனே கிடைப்பது அரிது. ஆகவே நாம் ஒப்பிடுவது எப்போதும் மிக உயரமானவற்றின் பிள்ளைகளைத்தான். "எல்லா இரண்டாவது சீசனும் சொதப்பும்" என்ற உன் விதியில் பாதி இந்தக் கணக்கிலேயே கரைந்துவிடும்.

முடிவு தெரிந்த கதையில் சுவை இருக்காது என்றும் ஒரு வரி சொல்லியிருந்தாய். கல்கி 'பார்த்திபன் கனவு' எழுதிய பிறகுதான் 'சிவகாமியின் சபதம்' எழுதினார். கதைக் காலப்படி பார்த்தால் சபதம் முந்தியது. நரசிம்மவர்மர் பிற்காலத்தில் எப்படி இருந்தார் என்பதை முதல் நாவலிலேயே படித்துவிட்ட வாசகர்கள், இரண்டாவதையும் விடாமல் படித்தார்கள். பிறகு 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொன்னார். ஐந்து பாகத்தோடு கதையை நிறுத்திக்கொண்டார். அந்தக் கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதியவர் விக்கிரமன். அதையும் தேடிப் படி. பிறர் நட்ட செடியில் புதுத் துளிர் தேடுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

சரி, உன் கட்டுரைக்கு வருகிறேன். சாம்பலூரை நினைவிலிருந்து எழுதாதே. முதல் சீசனை மறுபடி ஓட்டிப் பார். இப்போது உனக்கு விடை தெரியும் என்பதால், எந்தக் காட்சி விடை தெரிந்தும் நிற்கிறது, எது வெறும் திருப்பத்தை நம்பி இருந்தது என்று பிரிந்துவிடும். நிற்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள். பிறகு இரண்டாவது சீசனில் அதே மாதிரி நிற்பவற்றைத் தேடு. சிறைக் காட்சிகளில் உனக்குக் குறைந்தது இரண்டு கிடைக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். 'மலையைக் காணோம்' என்பதை முதல் பத்தியில் வைக்காதே. ஏற்காட்டுக்காரி எழுதினால் அதைத்தான் எழுதுவாள் என்று எடிட்டரே சிரிப்பார்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக் காட்டு. மூன்றாவது சீசன் வருகிறது என்று வைத்துக்கொள். நந்தினியின் கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறதா, இல்லை தீர்ந்துவிட்டதா? தீர்ந்துவிட்டது என்றால் கதை யாரிடமிருந்து கிளம்ப வேண்டும்? சக்கரையிடமிருந்து என்று சொல்ல வருவாய். அவனுக்குத் தீராத கணக்கு எது என்று இரண்டு சீசனிலிருந்தும் காட்டிவிட்டுச் சொல்.

அன்புடன்,
அத்தை