காளான் வித்தும் அறைத் தூய்மையும்

மாரிமழை ஓய்ந்த மறுநாட் காலையில் வேலியோரத்திலும் புற்றடியிலும் காளான் குடைவிரித்து நிற்றலைக் காணாதார் எம்மில் இலர். விதைப்பாரும் நீர் வார்ப்பாருமின்றி விளையும் அப்பொருளை வீட்டினுள்ளே விளைவிக்க முற்பட்டவுடன் அது பெருங் கவனத்தை வேண்டுவதாகின்றது. இயற்கை எளிதிற் செய்வதை மனிதன் வீணே கடினமாக்குகின்றான் என்பார் சிலர். அவர் கூற்றுப் பொருந்தாது. புற்றுக்காளானைப் பேணுதற்குக் கறையான் உண்டு. புற்றினுள்ளே தான் அமைத்த தோட்டத்திற் பிற பூஞ்சணங்கள் தலையெடாவண்ணம் அது காவல் புரிகின்றது. வீட்டிலே அக்காவல் எம்முடையது.

இலங்கையில் இன்று வீடுகளில் மிகுதியாக விளைவிக்கப்படுவது சிப்பிக்காளான். மரத்தூளும் தவிடும் கலந்து அடைத்த பைகளில் அது வளரும். அப்பைகளில் இடுதற்குரிய வித்து, அவித்த நெல்லிலோ இறுங்கிலோ காளானின் வெண்ணிற இழைகளைப் படரவிட்டு ஆக்கப்படுவது. வித்து வேறு, வித்தி வேறு என்பதை மாணவர் மனத்திருத்துக. வித்தி என்பது பூஞ்சணங்கள் தம் இனத்தைப் பரப்புதற்கும், பற்றீரியாக்களுட் சில இடர்க்காலத்தைக் கடத்தற்கும் ஆக்குகின்ற, கண்ணுக்குப் புலனாகாத நுண்துணிக்கை. வித்தை விலைக்கு வாங்கிப் பைகளில் இடுவோர்க்கு இடர் குறைவு. அதனைத் தாமே ஆக்க விரும்புவோரை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. ஒரு தாய்ப்போத்தல் கெடின், அதிலிருந்து விதைத்த பைகள் அத்தனையும் கெடும்; விறகும் தவிடும் பல வார உழைப்பும் ஒருங்கே போய்விடும்.

அவித்த தானியம் ஆளில்லாத செல்வ மாளிகை போல்வது. முதலிற் புகுந்தவன் அதற்கு உடையவனாகின்றான். காளானிழை ஒரு போத்தற் றானியத்தில் முற்றாகப் படர்தற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். திரைக்கோடேர்மா என்னும் பச்சைப் பூஞ்சணமோ நாலைந்து நாளிற் படர்ந்து தன் பச்சை வித்திகளையும் சொரியத் தொடங்கிவிடும். இவ்வோட்டத்திற் காளானுக்கு வெற்றியில்லை. ஆகவே ஓட்டம் நிகழாதவாறு தடுத்தலே செய்யத்தக்கது.

இங்கு இரு சொற்களை வேறுபிரித்து உணர்தல் வேண்டும். கிருமியழித்தல் என்பது ஒரு பொருளிலுள்ள உயிர் யாவற்றையும், வித்திகள் உட்பட, முற்றாக ஒழித்தல். தொற்றுநீக்கல் என்பது தீங்கு செய்வனவற்றின் தொகையைப் பெரிதுங் குறைத்தல். போத்தலினுள் இருக்கும் தானியத்தைக் கிருமியழிக்கலாம். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில், 121 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் நீராவியில் வைத்தால் அது கைகூடும். அறையைக் கிருமியழித்தல் வீட்டில் எவராலும் இயலாது. இயலாத இதனை விரும்பியே பலர் மேன்மேலும் கடிய மருந்துகளைத் தேடி அலைகின்றனர். நாம் கூற விரும்புவது இதுவே: அறையிற் கொல்லுதல் சிறுபணி, அகற்றுதலும் அசையாது நிறுத்துதலுமே பெரும்பணி.

இவ்வுண்மையை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் யோன் ரின்டால் என்னும் பௌதிக அறிஞர் விளக்கிக் காட்டினார். அவர் ஒரு பெட்டி செய்து, அதன் உட்புறத்திற் கிளிசரீனைப் பூசி, மூடிவைத்தார். சில நாட்களில் உள்ளிருந்த தூசு படிந்து கிளிசரீனில் ஒட்டிக்கொண்டது. ஒளிக்கதிரைப் பாய்ச்சியபோது, கூரையோட்டையால் வரும் வெயிலில் நாம் காணும் துகள்களுள் ஒன்றுதானும் அங்குத் தோன்றவில்லை. அப்பெட்டியினுட் கொதிக்கவைத்த இறைச்சிச் சாறு நெடுநாள் தெளிவாகவே இருந்தது. அவர் அக்காற்றிலே எந்த மருந்தையும் தெளித்தாரல்லர். 1876இல் இலண்டனிலுள்ள அவருடைய ஆய்வுகூடத்துக்குப் பழைய வைக்கோல் கொண்டுவரப்பட்டது. அதன்பின் முன்னர் வாய்த்த பரிசோதனைகள் அங்கு வாய்க்கவில்லை. வைக்கோலோடு வந்த வித்திகள் இடமெங்கும் பரவிவிட்டன. ஈற்றில் அவர் கியூ தாவரத்தோட்டத்திலிருந்த புதிய ஆய்வுகூடத்துக்குச் சென்று பரிசோதனைகளைத் தொடர்ந்தார். வைக்கோற் போருக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அருகே வித்திட முயல்வோர் இதனை இருமுறை வாசிப்பாராக. சத்திரவைத்தியர் இலிஸ்ரர் 1871 முதலாகக் காபோலிக்கமிலத்தைக் காற்றிலே தெளித்துவந்தார்; பின்னர் அதனைக் கைவிட்டதுமன்றி, 1890இல் பேர்லினிற் கூடிய மருத்துவ மாநாட்டில், அதனைப் பரிந்துரைத்தமைக்கு நாணுவதாகவும் கூறினார். அத்தகையோர் விட்ட வழியை நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இனி அறையைப் பற்றிக் கூறுவாம். அடுக்களை ஆகாது. தேங்காய்த் துருவலும் அரிசிமாவும் பழஞ்சோறும் பூஞ்சணங்களுக்கு விருந்து. காளான் பைகள் பூத்து நிற்கும் குடிலும் ஆகாது. முற்றிய சிப்பிக்காளான் தன் வித்திகளைப் புகைபோலச் சொரியும். சிலருக்கு அது மூச்சுத்தடையையும் உண்டாக்கும். சன்னல் குறைந்த, தளபாடம் குறைந்த, சீமெந்து நிலமுள்ள சிறிய அறையே உகந்தது. திரைச்சீலை, பாய், பழைய புத்தகக் கட்டு, கடதாசிப் பெட்டி யாவற்றையும் வெளியேற்றுக. மாரிகாலத்தில் ஈரமூறிக் கறுத்த சுவராயின், அதனைச் சுரண்டி உலரவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய பின்னரே மேற்செல்க.

தும்புத்தடியால் உலரக் கூட்டுதல் பெருந்தவறு. நிலத்திற் படிந்து உறங்கிய வித்திகளை அது எழுப்பிக் காற்றிலேற்றும். நனைந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வருக: முதலில் முகட்டுப்புறம், பின்னர் சுவர், பின்னர் மேசை, ஈற்றில் நிலம். சவர்க்கார நீர் இதற்குப் போதும். இதனை எளிய வேலையென்று கருதிக் குறைத்துக்கொள்வோர் பலர். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து அழுக்கோடு பொருதே தன் வலியை இழந்துவிடும் என்பதை அவர் அறியார்.

கழுவியபின் தொற்றுநீக்கல். சலவைக்கு வாங்கும் வெளிற்றுந் திரவம், அதாவது சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல், மலிவானது, வலியது. 5 வீதச் செறிவுள்ளதாயின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பூசி, பத்து நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு, பின்னர் வெறுநீரால் துடைத்துவிடுக. நீர் கலந்தது நாட்பட வலிகுன்றும். அன்றைக்கு வேண்டியதை அன்றே கலக்குக. இதனோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் நச்சு வாயுவாகிய குளோரீன் வெளிப்படும். அமோனியா சேர்ந்த துப்புரவுத் திரவங்களையும் அற்ககோலையும் இதனோடு கலத்தலாகாது. மூடிய சிற்றறையில் இத்தவறு உயிருக்கே உலைவைக்கும்.

மேசைக்கும் கருவிகளுக்கும் கையுறைக்கும் 70 வீத அற்ககோல் தக்கது. செறிவு கூடியது மேலும் நன்றன்றோ என மாணவர் வினவுவர். அன்று. நீரின்றி அற்ககோல் கிருமியின் புரதத்தைச் செவ்வனே திரளச் செய்யாது. விரைவில் ஆவியாகியும் போய்விடும். 70 வீதமும் பற்றீரியாவின் அகவித்திகளை அழிக்கமாட்டாது என்பதை மறவற்க. அன்றியும் அதன் ஆவி ஏறக்குறைய 17 பாகை செல்சியசிலேயே தீப்பற்றத்தக்கது; நுவரெலியாவின் குளிரிரவுகளை விட்டால், எம் வீடுகளின் வெப்பநிலை அதற்கு மேற்பட்டதே. ஆகலின் தெளித்த இடம் நன்கு உலரும் வரையில் விளக்கையோ தீக்குச்சியையோ அங்குக் கொண்டுவரலாகாது.

போமலினையும் பொற்றாசியம் பெர்மங்கனேற்றையும் கலந்து அறையைப் புகையூட்டுமாறு கூறும் கைந்நூல்கள் உண்டு. வீட்டிலே அதனைச் செய்தல் தகாது என்பது எமது உறுதியான கருத்து. போமலினிலிருந்து எழும் போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துள்ளது. குழந்தைகள் உறங்கும் வீட்டில், நாலு போத்தல் வித்துக்காக, அதனை நிரப்புவது அறிவுடைமையன்று. ஊதாக் கடந்த கதிர் விளக்கும் அத்துணை வேண்டப்படுவதில்லை. தன் ஒளி நேரே படாத நிழலில் அது எதையுஞ் செய்யாது, கண்ணையும் தோலையும் ஊறுபடுத்தும்.

இவற்றினும் சிறந்த காவல் ஒன்றுண்டு. ஒளிபுகும் பெரிய பிளாத்திக்குப் பெட்டியொன்றைக் கவிழ்த்துவைத்து, முன்புறத்தில் இரு கைகளும் நுழையத்தக்க ஐந்தங்குல வட்டத் துளைகள் இரண்டு இடுக. ரின்டால் அமைத்த பெட்டியின் எளிய வழித்தோன்றல் இது. உட்புறத்தைச் சவர்க்கார நீராற் றுடைத்து ஈரமாகவே விடுக. விழும் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, காத்திருக்க வேண்டும். எத்துணை நேரம்? ஆயிரத்திலொரு மில்லிமீற்றரே ஒரு மைக்குரோன். மூன்று மைக்குரோன் விட்டமுள்ள வித்தி, அசையாத காற்றிலே ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லும். பெட்டியினுள் உயரம் குறைவாதலின் இருபது முப்பது நிமிடம் அமையும். பொறுமையில்லாதவர் இங்கேதான் தோற்பர். பெட்டியினுள்ளே தீ வைத்தல் கூடாது. வெம்மை காற்றைக் கிளப்பும், அற்ககோல் ஆவி பற்றியெரியவுங்கூடும்.

வித்திடுவோர் காலையில் முழுகி, தோய்த்துலர்ந்த உடை உடுத்து, பூத்த காளான்களைப் பார்க்கச் செல்லுமுன்னரே இவ்வேலையை முடித்தல் வேண்டும். மோதிரம் களைந்து, நகம் வெட்டி, முடியையும் வாயையும் மூடிக்கொள்க. பேச்சு ஆகாது. கைகள் மெல்ல அசையட்டும். திறந்த போத்தலுக்கு மேலாகக் கையைக் கொண்டுசெல்லாது பக்கமாகவே கொண்டுசெல்க.

இத்தனையுஞ் செய்தும் போத்தல் கெடலாம். அப்போது அறையையே பழிப்பது வழக்கம். அது எப்போதும் நியாயமன்று. ஒவ்வொரு முறையும் மேலதிகமாக இரு போத்தல்களை அவித்துக்கொள்க. ஒன்றைத் திறவாமலே வைக்க வேண்டும். மற்றதைப் பெட்டியினுள்ளே திறந்து, கிருமியழித்த வெறுங் கரண்டியாற் கிளறி, வித்திடாமலே மூடிவைக்க வேண்டும். பத்து நாள் பார்த்திருந்தால் உண்மை வெளிப்படும். திறவாத போத்தல் புளித்து நாறுமாயின், அல்லது தானியம் வழுவழுத்துச் சாறு கசியுமாயின், குற்றம் அறையினதன்று. பிறஷர் குக்கரினுள்ளிருந்த காற்று முற்றாக வெளியேறுமுன் பாரத்தை வைத்திருக்கக்கூடும், அல்லது நேரம் போதாதிருந்திருக்கும். காற்றுக் கலந்த நீராவி 15 இறாத்தல் காட்டினும் 121 பாகையை எட்டாது. திறவாதது நன்றாயிருந்து, வெறுங்கரண்டிப் போத்தலிற் பச்சைப் புள்ளி தோன்றுமாயின், குற்றம் காற்றினதோ கையினதோ ஆகும். இவ்விரண்டும் தூய்மையாயிருக்க வித்திட்டவை மட்டும் கெடுமாயின், தாய்வித்தே நோயுற்றது. அறையை நூறுமுறை கழுவினும் பயனில்லை. கல்லூரி விஞ்ஞானக் கழகத்து மாணவர் இம்மூவகைப் போத்தல்களையும் நிரையாக வைத்து நாடோறும் குறிப்பெழுதுவாராயின், பாடநூலிற் படித்த கட்டுப்பாட்டுப் பரிசோதனையின் பொருள் அவர்க்குக் கண்கூடாகும்.

கெட்ட போத்தலை வீட்டினுள் எக்காரணத்தாலும் திறத்தலாகாது. முகர்ந்து பார்த்தலும் ஆகாது. பஞ்சடைப்பை அகற்றாமலே குக்கரில் மீண்டும் ஒரு மணித்தியாலம் அவித்து, ஆறியபின் வளவின் கோடிக்குக் கொண்டுசென்று குழியிற் கொட்டி மண்ணிட்டு மூடுக. அக்குழி வித்திடும் அறைக்குக் காற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கட்டும்: சோளகம் வீசுங் காலத்தில் ஒரு புறம், வாடை வீசுங் காலத்தில் மறுபுறம்.