கியரைத் தூக்க முடியாத கால்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 34. டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று, இரண்டு நாள் இரவும் பகலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வேலையை முடித்தேன். மறுநாள் காலை எழுந்தால் இடது பாதம் தொங்கிவிட்டது. வலி இல்லை. நடந்தால் விரல்கள் தரையில் உரசித் தடுக்குகின்றன. செருப்பு காலில் நிற்பதில்லை. பாதத்தின் மேல்பக்கம் மதமதப்பாக இருக்கிறது, செருப்பு வார் படுவதே தெரியவில்லை. என் பைக்கில் முதல் கியரை அழுத்திப் போடுகிறேன், அது விழுகிறது. இரண்டாவது கியருக்குக் காலால் தூக்க வேண்டும், அது முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று ஒரு இடத்தில் ஐந்து ஊசி போட்டார்கள், மாற்றம் இல்லை. பக்கவாதத்தின் ஆரம்பம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இடுப்பில் ஜவ்வு விலகியிருக்கும், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார் மாமனார். இரண்டு மாதத்துக்கு முன்பு டைபாய்டு வந்து எட்டு கிலோ இளைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கால் பழையபடி ஆகுமா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: கியர் விஷயத்தை எழுதினீர்கள் பாருங்கள், பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது. பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை. இந்த இரண்டு வேலைக்கும் கட்டளை கொண்டுபோவது இரண்டு வேறு நரம்புகள். உங்களுக்கு ஒன்று பிழைத்திருக்கிறது, மற்றொன்று அடிபட்டிருக்கிறது.

முதலில் இந்த ‘நரம்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்வோம். ஊசி போடக் கையில் தட்டித் தட்டித் தேடுவதை நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைப்பதும் ரத்தக்குழாய்தான். குதிகாலுக்கு மேலே கயிறு போலத் தட்டுப்படுவதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கட்டளை கொண்டுபோய், தொடுவுணர்வைத் திருப்பிக் கொண்டுவருகிற வெள்ளை இழைக்கட்டுதான் உண்மையான நரம்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால், ‘நரம்பு வீக்’ என்று சொல்லி எதற்கு வேண்டுமானாலும் ஊசி போட்டுவிட முடிகிறது. பி12 சத்துக் குறைந்தவருக்கு அந்த ஊசி நல்ல மருந்து. நசுங்கிய நரம்பை அது நிமிர்த்தாது.

முதுகின் அடிப்பகுதியில் ஐந்து வேர்கள் ஒன்றுகூடி சியாட்டிக் நரம்பு ஆகிறது. உடம்பிலேயே தடித்த நரம்பு அது, ஏறக்குறைய கட்டைவிரல் அகலம். புட்டத்துத் தசைக்கு அடியில், தொடையின் பின்பக்கம் ஆழத்தில் பத்திரமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை டிபியல் நரம்பு. அது கெண்டைச்சதைக்கு அடியில் நேராகப் போய் உள்ளங்காலை அடைகிறது. பாதத்தை அழுத்துவதும், நுனிக்காலில் எம்பி நிற்பதும், விரல்களை மடக்குவதும் இதன் பொறுப்பு. மற்றொரு கிளை பெரோனியல் நரம்பு. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவதும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும், கெண்டைக்காலின் வெளிப்புறத்துக்கும் பாதத்தின் மேல்பக்கத்துக்கும் உணர்வு தருவதும் இதன் வேலை. உள்ளங்காலில் உங்களுக்கு உணர்வு நன்றாக இருக்க வேண்டுமே? நீங்கள் எழுதவில்லை. சோதித்துப் பாருங்கள்.

முழங்காலின் வெளிப்பக்கம் விரலை வைத்து, கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஒரு மேடு தட்டுப்படும். ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் தலை அது. முழங்காலுக்குக் கீழே உடல் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பது முன்னால் இருக்கும் டிபியா. இந்தப் பக்கத்து எலும்பு தசைகள் பற்றிக்கொள்ளவும் கணுக்காலை அணைத்துப் பிடிக்கவும்தான் அதிகம் பயன்படுகிறது. அந்த மேட்டுக்குக் கீழே கழுத்துப் போன்ற இடத்தை ஒட்டிப் பின்னாலிருந்து முன்னால் வளைகிறது பெரோனியல் நரம்பு. அங்கே அதற்கு மேலே தோலும் சிறிது கொழுப்பும்தான் போர்வை, கீழே கெட்டியான எலும்பு. உங்கள் தொழிலிலிருந்தே சொல்வதானால், சுவருக்குள் பைப் பதித்து மறைத்துக் கொண்டுவந்த மெயின் ஒயர், ஒரே ஒரு மூலையில் மட்டும் பூச்சுக்கு வெளியே ஓடுகிறது.

குத்துக்காலிட்டால் முழங்கால் முழுசாக மடங்குகிறது. தொடைத்தசையின் நாண் ஒரு பக்கம் இறுக, கெண்டைச்சதை இன்னொரு பக்கம் பிதுங்க, நடுவில் இந்த நரம்பு எலும்போடு நெருக்கப்படுகிறது. அதற்குப் போகும் நுண்ணிய ரத்த ஓட்டமும் தடைபடுகிறது. சிறிது நேரமானால் கால் மரத்துப்போய், எழுந்து உதறியதும் எறும்பு ஊர்வது போல இருந்து சரியாகிவிடும். மணிக்கணக்கானால் நரம்பின் மேலுறையே சேதமாகி, கட்டளை அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்து, அந்தப் பழத்தின் பெயரையே இந்த வாதத்துக்கு வைத்ததும் உண்டு. குத்தவைத்துச் செய்கிற எந்த வேலைக்கும் அது பொருந்தும். இதோடு உங்கள் டைபாய்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோ இளைத்தபோது நரம்புக்கு மெத்தையாக இருந்த அந்தச் சிறிது கொழுப்பும் போய்விட்டது. வேகமாக எடை குறைத்தவர்களுக்கு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததாலேயே பாதம் தொங்கிப்போவது உண்டு. கடிதத்தின் கடைசியில் ‘அதையும் சொல்லிவிடுகிறேன்’ என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான தகவல்.

இனி பக்கத்து வீட்டுக்காரரின் பயம். பக்கவாதம் மூளையில் நடப்பது. பெரும்பாலும் முகமோ கையோ பேச்சோ கூடச் சேர்ந்து பாதிக்கும். ஒரு பாதம் மட்டும், அதிலும் தூக்குகிற வேலை மட்டும், கூடவே பாதத்தின் மேலே மதமதப்பு என்று அளந்துவைத்த மாதிரி போவது அதன் குணமல்ல.

மாமனாரின் சந்தேகத்தை அவ்வளவு லேசாகத் தள்ள மாட்டேன். ஐந்தாவது இடுப்பு வேர் டிஸ்க்கில் நசுங்கினாலும் பாதம் தொங்கும். ஆனால் அந்த வேர் பெரோனியல் நரம்புக்கு மட்டும் சொந்தமல்ல. பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசைக்கும், ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பிடிக்கும் தசைக்கும் அதுவே போகிறது. ஆகவே, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு இடது காலில் மட்டும் நில்லுங்கள். இரண்டும் முடிந்து, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியும் இல்லை என்றால் கோளாறு முழங்காலருகில் என்றுதான் நினைப்பேன். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுவதற்கு முன்னால் இந்த இரண்டு நிமிடச் சோதனையை ஒரு மருத்துவர் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க்கில் ஏதாவது ஒரு புடைப்பு தெரியத்தான் செய்யும். வலியே இல்லாத ஆட்களுக்கும் அது தெரிவது சகஜம். அப்புறம் அந்தப் புடைப்புக்கு வைத்தியம் நடக்கும், கால் அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. நம் ஊரில் பாதம் தொங்கியது என்று யார் வந்தாலும் தொழுநோயை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கிருமி குறிவைக்கும் நரம்புகளில் இதே பெரோனியலும் ஒன்று. ஃபிபுலாவின் கழுத்தில் நரம்பு கயிறு போலத் தடித்துக் கைக்குத் தட்டுப்படும். உடம்பில் எங்காவது நிறம் வெளுத்த, உணர்வில்லாத படை இருக்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். நரம்பு புதிதாகப் பாதித்திருந்தால் உரிய மாத்திரையால் அதையும் மீட்கலாம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் கடினம். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவரின் நரம்பு சிறிய அழுத்தத்துக்கே சுருண்டுவிடும்.

செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றுதான்: நரம்பின் வழியே மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளப்பது. அடிபட்ட மறுநாளே செய்தால் முழு விவரமும் தெரியாது, மூன்று வாரம் ஆனால்தான் தெளிவாகப் பேசும். உங்களுக்கு இது சரியான நேரம். ஃபிபுலாவின் கழுத்தருகே மட்டும் ஓட்டம் தடைபட்டு, அதற்குக் கீழே நன்றாக இருந்தால் மேலுறை மட்டும்தான் சேதம் என்று அர்த்தம். அது சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் தானே சரியாகும். குத்துக்காலிட்டு வருகிற பாத வீழ்ச்சியில் பெரும்பாலானவை இந்த வகைதான். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் அது புதிதாக முளைத்து வர வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முன்காலின் தசை பக்கத்தில் இருப்பதால் முதலில் உயிர்பெறும், கட்டைவிரலைத் தூக்குகிற தசை பின்னால் வரும். மூன்று நான்கு மாதமாகியும் எந்த அசைவும் திரும்பவில்லை என்றால், அந்த இடத்தைத் திறந்து இறுக்கத்தை விடுவிக்கலாமா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார்.

அதற்கும் மசியாவிட்டால்கூட வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும் டிபியல் நரம்புக்குச் சொந்தமான ஒரு தசையின் நாணைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் தைத்துவிட்டால், அது பாதத்தைத் தூக்கப் பழகிக்கொள்ளும். இந்த நாண் மாற்று வித்தைக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களுக்கு 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் இதைச் செய்யத் தொடங்கினார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நரம்பு மீளும்வரை காலைக் காப்பாற்றி வைப்பது உங்கள் வேலை. நாம் நடக்கும்போது காலை வீசுகையில் விரல்நுனிக்கும் தரைக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி. உங்களுக்கு அது போய்விட்டது. அதனால்தான் தடுக்குகிறது, அதனால்தான் முழங்காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைக்கிறீர்கள், பாதம் தரையில் ‘தொப்’ என்று விழுகிறது. கணுக்காலைத் தொண்ணூறு பாகையில் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை இயன்முறை மருத்துவரிடம் அளவு கொடுத்து வாங்கி, ஷூவுக்குள் போட்டு நடங்கள். அவமானம் ஒன்றும் இல்லை, வெளியே தெரியவும் தெரியாது. பாதம் தொங்கியே கிடந்தால் குதிகால் நாண் குறுகிவிடும், பிறகு நரம்பு திரும்பி வந்தாலும் பாதம் மேலே வராது. ஆகவே தினமும் மூன்று நான்கு வேளை, காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். அப்போது மனதாலும் பாதத்தைத் தூக்க முயலுங்கள். அசையாவிட்டாலும் முயலுங்கள். உணர்வில்லாத மேல்பாதத்தில் செருப்பு வார் புண்ணாக்கியிருக்கிறதா என்று இரவில் பார்த்துவிட்டுப் படுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதை வேண்டாம் என்று சொல்லி மாமனாரின் மனதை நோகடிக்க வேண்டாம். கெண்டைச்சதையில் இதமாகத் தேய்க்கலாம். ஆனால் முழங்காலின் வெளிப்பக்கத்து மேட்டுக்குக் கீழே யாரும் கட்டைவிரலால் அழுத்தி உருவக் கூடாது. ஏற்கெனவே நசுங்கிய இடத்தை மறுபடி நசுக்குவதாகும் அது. நாட்டுக்கட்டோ மாவுக்கட்டோ அங்கே இறுகியதால் பாதம் தொங்கிப்போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பும்போது குத்துக்காலை மறந்துவிடுங்கள். சின்ன மணைப்பலகையில் உட்காருங்கள், அல்லது மண்டியிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டுங்கள். மண்டிக்கு ரப்பர் பேட் கட்டினால் அதன் வார் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இறுகுகிறதா என்று பாருங்கள். கடையில் விற்கிற பலவற்றின் வார் சரியாக அந்த நரம்பின் மேல்தான் விழுகிறது. தளர்த்திக் கட்டுங்கள், அல்லது வாரே இல்லாத மெத்தைப் பலகையைத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு காலும் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு கதை, அதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த வாரத்துக்குள் மின்சோதனையை முடித்து, முடிவோடு ஒரு நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதம் கியரைத் தூக்கும்வரை பைக்கை வேறு யாராவது ஓட்டட்டும்.