மந்தியும் மாந்தரும்: குரங்கினின்று மனிதர்க்குத் தாவும் நச்சுயிரிகள்

மக்களின் இளமைப் பெயர்கள் குழவி, மகவு என்னும் இரண்டே என வரையறுத்த தொல்காப்பியர், மரபியலில் அவ்விரண்டனுள் மகவு என்பதைக் குரங்கிற்கும் உரியதாக்கியுள்ளார். குரங்கு, முசு, ஊகம் என மூவினம் பகுத்து, அவற்றின் பெண்ணை மந்தி என்றும் ஆணைக் கடுவன் என்றும் வழங்கும் மரபினையும் அவர் வழியே அறிகிறோம். தன் மகவை வயிற்றோடு அணைத்துச் செல்லும் மந்தியைக் கண்டோர் இப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். இற்றைய மரபணு ஆய்வும் இவ்வுறவையே கூறுகிறது. மக்காக்கு இனக் குரங்கிற்கும் மனிதர்க்கும் மரபணு ஏறத்தாழ 93 விழுக்காடு ஒத்திருக்கிறது; சிம்பன்சிக்கோ ஏறத்தாழ 98 விழுக்காடு. இந்நெருக்கத்தில் ஓர் இடரும் உண்டு. ஓருயிரின் உயிரணுவிற்குள் நுழையப் பழகிய நச்சுயிரிக்கு, அதனை ஒத்த மற்றோர் உயிரணுவின் கதவைத் திறப்பது எளிதாகிவிடுகிறது.

நம் நாட்டில் இதற்குத் தலையாய சான்று, கருநாடக மாநிலம் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் தோன்றிய காய்ச்சலாகும். 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொரப வட்டத்துக் காடுகளில் குரங்குகள் கொத்துக் கொத்தாக இறந்தன. நாட்டுக்குரங்கு, முசு ஆகிய இரண்டும் மடிந்தன. பின்னர் அக்காட்டோரச் சிற்றூர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். ஊரார் இதனைக் 'குரங்கு நோய்' என்றே தம் மொழியில் அழைத்தனர். அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. தென்னமெரிக்கக் காடுகளில் மஞ்சட்காய்ச்சல் வரும்போதும் குரங்குகளே முதலில் மடியும். அந்நோயைப் பரப்பவல்ல கொசு இந்தியாவில் நிறைய உண்டு, நோய்தான் இல்லை. அது வந்துவிட்டதோ என அஞ்சிப் புனேயிலிருந்த நச்சுயிரி ஆய்வு நடுவத்தார் விரைந்தனர். 1952-இல் தொடங்கப்பட்ட அந்நடுவமே இன்று தேசிய நச்சுயிரியல் நிறுவனம் என வழங்குகிறது. அவர்கள் பிரித்தெடுத்தது மஞ்சட்காய்ச்சல் நச்சுயிரி அன்று. உருசிய நாட்டில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சலுக்கு நெருங்கிய உறவுடைய ஒன்று.

எனவே இங்கு நோயைக் கொணர்வது குரங்கின் கை அன்று, உண்ணி. நம் ஆட்டுக்கிடைகளில் காணும் உண்ணிக்கு இஃது ஓர் ஒன்றுவிட்ட உறவு எனலாம். நோயுற்ற குரங்கின் குருதியில் நச்சுயிரி சில நாள் மிகுந்திருக்கும். அப்போது அதனைக் கடிக்கும் இளவுண்ணிகள் நச்சுயிரியைத் தம்முள் ஏற்கின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் கீழிறங்கிச் சருகில் படிகின்றன. ஒரு குரங்கு விழுந்த இடமே நோயின் விளைநிலமாகிறது. அவ்வழி விறகு பொறுக்கவும், தழை சேர்க்கவும், மாடு மேய்க்கவும் செல்வோரைக் கடுகளவே உள்ள உண்ணிகள் கடிக்கின்றன. கடியுண்டவர் பெரும்பாலும் அதனை அறிவதேயில்லை. மூன்று முதல் எட்டு நாள்களில் திடுமெனக் காய்ச்சல், நெற்றிவலி, தாங்கவொண்ணாத் தசைவலி ஆகியன தோன்றும். சிலர்க்கு மூக்கிலும் ஈற்றிலும் குருதி கசியும். நூற்றில் மூவர் முதல் ஐவர் வரை இறப்பர். ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு இந்நோய் தொற்றுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

இதில் குரங்கின் மேல் பழி சுமத்துவது முறையன்று என்பது நம் கருத்து. அதுவும் நோயால் மடிவதே. முதிர்ந்த உண்ணி மாட்டின் குருதியுண்டு பெருகுகிறது. மாட்டைக் காட்டிற்குள் ஓட்டியவர் நாம். 1982-83-இல் தென்கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடிப் பகுதியில் முந்திரித் தோட்டத்திற்காகக் காடு அழிக்கப்பட்டதை ஒட்டியே அங்கு இந்நோய் பேரளவில் வெடித்தது. 2012-13-இல் பந்திப்பூரிலும், தமிழகத்து நீலகிரிப் பகுதியிலும் இறந்த குரங்குகளில் நச்சுயிரி காணப்பட்டது. பின்னர் வயநாட்டு மக்களையும் அது தாக்கியது. நெடுநாள் வழங்கிய தடுப்பூசியும் போதிய பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது.

நேரடித் தொடர்பால் வரும் நோய்கள் வேறு. 1932-இல் நியூயார்க்கில் ஆய்வுக்கூடக் குரங்கொன்று ஓர் இளம் மருத்துவரைக் கடித்தது. குரங்கோ நலமாகவே இருந்தது. மருத்துவரோ உடல் முடங்கிச் சில நாள்களில் இறந்தார். மக்காக்குக் குரங்கிற்கு வாய்ப்புண் அளவில் அடங்கும் அந்நச்சுயிரி, மனிதர்க்கு மூளையைத் தாக்கும் கொடுநோயாகிறது. அதன் பெயரிலுள்ள 'பி' என்னும் எழுத்து அம்மருத்துவர் பெயரின் முதலெழுத்தே. இனி, ஆப்பிரிக்கக் காட்டில் வேட்டையாடிய சிம்பன்சியை அறுக்குங்கால் குருதி வழியே மனிதருள் புகுந்ததென அறிஞர் கருதும் நச்சுயிரியே, உலகைச் சுற்றி வந்து, 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், நிர்மலா செல்லப்பன் ஆகியோரின் ஆய்வில் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட எச்.ஐ.வி. ஆகும். (குரங்கம்மை என்பது மட்டும் பெயரால் வந்த பழி. 1958-இல் தென்மார்க்கு நாட்டின் ஆய்வுக்கூடக் குரங்குகளில் முதலில் கண்டமையால் அப்பெயர் நின்றது. அதன் உறைவிடம் கொறிப்பனவே எனக் கருதுவர். உலக நலவாழ்வு அமைப்பும் 2022-இல் பெயரை மாற்றிவிட்டது.)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமோ கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலுமாய்க் கிடக்கும் வறண்ட நிலம். கியாசனூர்க் காய்ச்சல் மக்களிடையே பரவியதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டியே. ஆதலின் நம் ஆட்டுண்ணியைக் கண்டு எவரும் நடுங்க வேண்டுவதில்லை. ஆனால் இவ்வட்டாரத்தார் குரங்கைக் காணாதவரும் அல்லர். குற்றாலத்திற்குச் சுற்றுலா செல்லும் மாணவர், பேருந்தை விட்டிறங்கியதும் கையிலுள்ள பண்டத்தை அதனிடம் பறிகொடுக்கின்றனர். அழகர்மலையிலும் சதுரகிரி அடிவாரத்திலும் அன்புடன் பழம் நீட்டுவோர் பலர். நீட்டிய கையைக் கடித்தலும் பிறாண்டலும் அங்கு அன்றாட நிகழ்ச்சி. காட்டில் இலையும் கனியும் தேடி உண்ணும் உயிரை, இலவச முறுக்கு பேருந்து நிலையத்திற்கு இழுத்து வருகிறது.

அக்கடியில் நமக்கு அண்மையிலுள்ள பேரிடர் வெறிநோய். நாயால் மட்டுமே அது வரும் என்று எண்ணிக் குரங்குக் கடியை மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி மறைப்பாரும் உளர். வெறிநோய் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கோ சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். அங்கு அதற்குக் கட்டணமில்லை. முதல் ஊசியோடு நின்றுவிடாது, மருத்துவர் குறிக்கும் நாள்களிலெல்லாம் மறவாது சென்று முடித்தல் வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வூர்களிலிருந்து நீலகிரிக்கும் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் தோட்ட வேலை நாடிச் செல்வோர் குறித்தும் ஒரு சொல். குரங்கு இறந்து கிடக்கக் கண்டால் அதனைத் தொடாமலும், அவ்விடத்தில் அமராமலும் வனத்துறைக்கு அறிவிக்க. திசம்பர் முதல் மே வரை உண்ணி மிகுதியாகும் காலம். கைகால் மூடிய உடையும், மாலையில் வெந்நீர்க் குளியலும் நன்று. ஊர் திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், எந்தக் காட்டில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதை, மருத்துவர் கேளாவிடினும், முதலிலேயே அவரிடம் கூறிவிடுக.